வராத ரிப்போர்ட்டும் மூலை மிஷினும்

"கையால பொறுக்கற பழக்கம் இன்னும் போகலை போல இருக்கே."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு நம் குழுத் தலைவர் சொன்னது இது. அபிராமபுரத்தில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் நீங்கள் உட்காரப்போகும் அதே அறை, அதே ஜன்னல் ஓரம். ஒரு தகவல் கோப்பிலிருந்து வேண்டிய வரிகளை வடிகட்டி எடுக்கச் சொல்லியிருந்தார். அவர் டீ குடித்துக்கொண்டே ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய ஆணை. நானோ அந்தக் கோப்பில் என்னென்ன சாவிகள், அதாவது தகவல் தலைப்புகள், இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்னென்ன மதிப்புகள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அம்மா அடையாற்றில் மீன் விற்பவர் என்பது அவருக்குத் தெரியும். நேர்முகத் தேர்விலேயே நான்தான் சொன்னேன். அதை மறைக்க வேண்டிய விஷயமாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் சொன்ன வாக்கியத்துக்குள் மீன் கூடை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் யோசித்துச் சொல்லியிருக்க மாட்டார்.

"பொறுக்கல சார், பாத்துட்டு இருக்கேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

புதிதாக வேலைக்குச் சேரும் நீங்கள் இருவரும் நான் விட்டுவந்த நாற்காலிக்கும் பக்கத்து நாற்காலிக்கும் வருகிறீர்கள். கோப்புகளைப் பிரிக்கும் ஸ்கிரிப்ட் நிரல்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. எதை எப்போது ஓட்ட வேண்டும் என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் குறிப்பில் அடங்காத ஒரு மதியத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், அந்தப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் எங்கள் சந்திலிருந்து அதற்கு விண்ணப்பித்த முதல் ஆள் நான். கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் கிடையாது. தந்தை கல்வி, தாய் கல்வி என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எழுத என்ன இருக்கிறது என்று இரண்டையும் காலியாக விட்டேன். விண்ணப்பம் திரும்பி வந்தது.

"காலியா வுட்டா நாங்க இன்னான்னு எடுத்துக்கறது? படிக்கலியா, இல்ல நீ சொல்லலியா?" என்று கேட்டார் தாலுகா அலுவலக எழுத்தர்.

அங்கேயே நின்று, 'பள்ளி சென்றதில்லை' என்று இரண்டு கட்டத்திலும் எழுதினேன். பேனாவைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன் என்று ஞாபகம். சான்றிதழ் கிடைத்தது. அதற்கப்புறம் காலிக் கட்டம் எதையும் என்னால் சும்மா தாண்டிப்போக முடிந்ததில்லை.

இனி அந்த மதியம்.

ஒரு அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையங்களுக்கு நாம் செய்தி அனுப்பிக் கொடுக்கிறோம். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் இருந்த மையங்களோடு, அடையாற்றில் வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்த ஒரு மையத்தையும் அவர்கள் அப்போதுதான் எடுத்திருந்தார்கள். அவர்களுடைய கோப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. வரிக்குள் சாவி, சமக்குறி, மதிப்பு, ஒரு கோடு, மறுபடி சாவி, சமக்குறி, மதிப்பு. பெயர், கைபேசி எண், எந்த மையம், எந்த ஷிஃப்ட். நம் வேலை அதை வடிகட்டி, யாருக்கு எந்தச் செய்தி என்று பிரிப்பது.

அந்தச் சாவிகளில் ஒன்று hbv. மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தில் இருக்கிறதா என்பதைச் சொல்வது. டயாலிசிஸில் ரத்தம் மிஷின் வழியாகப் போய் உடம்புக்குத் திரும்புகிறது. அதனால் பாசிட்டிவ் நோயாளிகளுக்குத் தனி மிஷின். அதை மற்றவர்களுக்குப் போட மாட்டார்கள். தி.நகரில் தனி மிஷின் உண்டு, அடையாற்றில் உண்டு, மயிலாப்பூரில் கிடையாது.

அன்று மதியம் அடையாறு மையத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. அந்தத் தண்ணீர் இல்லாமல் ஒரு மிஷினும் ஓடாது. மதிய ஷிஃப்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களையும் மறுநாள் வர வேண்டியவர்களையும் சேர்த்து மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் பிரித்து அனுப்பச் சொல்லி நமக்கு உத்தரவு. மறுநாள் காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு. சாயங்காலத்துக்குள் செய்தி போயாக வேண்டும்.

தலைவரிடம் ஸ்கிரிப்ட் தயாராக இருந்தது. பழைய இரண்டு மையங்களுக்கு ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் உயிர் ஒரே வரிதான்:

grep -v 'hbv=positive'

பாசிட்டிவ் என்று இருக்கும் வரிகளை விலக்கு, மீதி எல்லாம் சாதாரண மிஷினுக்கு. அதற்கு அடையாறு மையத்தின் கோப்பைக் கொடுத்து ஓட்டினார். பாசிட்டிவ் ஆட்கள் தி.நகருக்கும் மற்றவர்கள் மயிலாப்பூருக்கும் பிரிந்து விழுந்தார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தார். மொத்தத்தோடு ஒத்துப்போனது.

"டேலி ஆயிடுத்து. அனுப்பிடலாமா?" என்றார்.

நான் அதற்குள் என் வழக்கப்படி hbv என்ற சாவியில் என்னென்ன மதிப்பு இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். பாசிட்டிவ் சிலர். நெகட்டிவ் பலர். இரண்டையும் சேர்த்தால் மொத்தம் வரவில்லை.

"சார், கொஞ்சம் பேருக்கு hbv-யே இல்ல."

"இல்லேன்னா நெகட்டிவ். ஒரு வருஷமா அப்படித்தானே ஓடிண்டிருக்கு?"

"மத்த ரெண்டு சென்டர்ல நெகட்டிவ்னு யாருக்குமே எழுதல சார். பாசிட்டிவ்னா மட்டும்தான் எழுதுறாங்க. அடையாறுல ரெண்டையும் எழுதியிருக்காங்க. அப்படி எழுதுறவங்க இவங்களுக்கு மட்டும் ஏன் விட்டாங்க?"

"டைப் அடிக்கறவாளுக்குக் கை வலிச்சிருக்கும்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திரும்பி என் திரையைப் பார்த்தார்.

பழைய இரண்டு மையங்களிலும் ரிப்போர்ட் கையில் இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை. அதனால் அங்கே hbv காலி என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அடையாற்றில் காலி என்றால் என்ன என்பது நம் அறையில் யாருக்கும் தெரியாது. கூட்டல் ஒத்துப்போனதே என்று கேட்பீர்கள். யாரும் விட்டுப்போகவில்லை என்பதை மட்டும்தான் அந்தக் கூட்டல் சொன்னது. அவரவர் சரியான இடத்தில் விழுந்தார்களா என்று அதற்குத் தெரியாது.

அடையாறு மையத்துக்குப் போன் செய்தேன். பிஸி. திரும்பச் செய்தேன். பிஸி. திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்த ஒரே எண்ணுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் அறக்கட்டளை நிர்வாகி நம் தலைவரைக் கூப்பிட்டுக் கத்தினார். போனை வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவாளை நிறுத்தி வெச்சா நாளைக்கு எங்கே போவா? ஒரு டயாலிசிஸ் தள்ளிப்போனா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

தெரியும். hbv குறிக்காமல் விட்டவர்களில் ஒரு பெயர் தாஸ். எங்கள் பக்கத்துச் சந்து. படகு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். நான் பிறந்ததிலிருந்து அவர் எனக்கு மாமா. அரசு மருத்துவமனையிலிருந்து மாறி அடையாறு மையத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார். போன முறை காசிமேட்டில் ஒரு சாவுக்குப் போய்விட்டதால் டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார். கால் இரண்டும் வீங்கி, தெருக்குழாய் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியதை முந்தின நாள்தான் பார்த்தேன். அன்றும் அவருக்கு டயாலிசிஸ் நடக்கவில்லை. மறுநாளும் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை.

அவரை மயிலாப்பூர் பட்டியலில் விட்டுவிட்டால் மறுநாள் காலை அவருக்கு மிஷின் நிச்சயம். ஆனால் அந்தப் பெயர்களில் யாராவது ஒருவருக்குக் கிருமி இருந்தால், அதே மிஷினில் அடுத்து உட்காரும், நமக்குப் பெயர்கூடத் தெரியாத மயிலாப்பூர்க்காரர் ஆபத்தில் மாட்டுவார்.

"தெரிஞ்ச ரெண்டு லிஸ்டை இப்பவே அனுப்பிடுங்க சார். தெரியாதவங்களை மட்டும் நிறுத்துங்க. நான் நேர்ல போய்க் கேட்டுட்டு வர்றேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயந்தரம் ஆறு மணி வரைக்கும்தான். அதுக்குள்ள உன் போன் வரலேன்னா எல்லாரையும் மயிலாப்பூருக்கு அனுப்பிடுவேன். யாரையும் நடுத்தெருவுல விட முடியாது."

அது அநியாயமான பேச்சு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஒரு நேரம் வைத்திருப்பேன்.

ஆட்டோ அடையாறு பாலத்தில் நகர்ந்த வேகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மையத்துக்குள் நுழைந்தபோது முன்மேஜையைச் சுற்றிக் கூட்டம். மேஜைக்குப் பின்னால் சகாயமேரி அக்கா, ஒரு காதில் போன், மறு கையில் இன்னொரு போன். அந்தக் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் அவர் தட்டியது. சாந்தோம் பக்கம் வீடு. போனில் பேசியிருக்கிறேன், பார்த்தது அன்றுதான்.

"அக்கா, hbv போடாம விட்டிருக்கீங்களே சிலருக்கு. அவங்க யாரு?"

"யாரும்மா நீ?"

"மெசேஜ் அனுப்புறவங்க."

"ஓ, நீதானா அது? போன்ல பேசறப்போ பெரிய பொம்பளைன்னு நெனச்சேன்." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். "ரிப்போர்ட் வராதவங்கம்மா அவங்கல்லாம். புதுசா சேர்ந்தவங்க. ரத்தம் எடுத்து லேபுக்குப் போயிருக்கு."

"வராதவங்களுக்கு எந்த மிஷின் போடுவீங்க?"

"மூலை மிஷின்தான். பாசிட்டிவ் மிஷின் வேற, கடைசியில ஒண்ணு தனியா கெடக்கு பாரு, அது. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அங்கதான். அது எல்லாருக்கும் தெரியுமே!"

"ஃபைலுக்குத் தெரியலக்கா."

அவர் ஒரு கணம் என்னை முறைத்துப் பார்த்தார். "ஃபைலு என்ன வந்து ஊசியா போடப்போகுது?" என்றார். பிறகு, என்ன நடக்க இருந்தது என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஒரு போனை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார்: "சிஸ்டர்! கொஞ்சம் வெளிய வாங்க!"

அவர் செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்த அறைக்குள் இருக்கும்வரை அந்த முறையில் ஓட்டை கிடையாது. ரிப்போர்ட் வராதவர் யார் என்று நர்சுகளுக்குத் தெரியும், மூலை மிஷின் எதற்கு என்று துடைக்க வருகிறவருக்குக்கூடத் தெரியும். நாம்தான் அந்த அறையை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் எடுத்து வந்திருந்தோம்.

சிஸ்டர் வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா பாப்பா, நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

தாஸ் மாமா. திருப்பி அனுப்பப்பட்டும் வீட்டுக்குப் போகாமல், காலைப் பக்கத்து நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள் பேச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

"வேலையா வந்தேன் மாமா. நாளைக்கு யார் எங்க போகணும்னு எங்க ஆபீஸ்லதான் பிரிக்கிறோம்."

"அப்ப உன் கையிலதான் கீது. என்னை மயிலாப்பூர்ல போட்டுடு. ஒரே பஸ்ஸு. டி.நகர்ல எறங்கி, துணிக்கடைக் கும்பல்ல இந்தக் காலை வெச்சுக்கினு எவன் நடப்பான்?"

"காலையில ஆறு மணிக்கு எந்தத் துணிக்கடை மாமா தொறந்திருக்கும்?"

"நக்கலா? ஒரு வார்த்தை தட்டுனா முடிஞ்சுது. எனக்கு அந்த நோயெல்லாம் இல்ல. என் மூஞ்சியைப் பாத்தா தெரீல?"

"மூஞ்சில தெரியாது மாமா. ரிப்போர்ட்ல தெரியும்."

"உங்க ஆத்தாளாண்ட சொல்றேன் இரு. பொண்ணைப் படிக்க வெச்சே, தெரிஞ்சவனுக்கு ஒரு வார்த்தை தட்ட மாட்டேன்னுதுன்னு."

"சொல்லுங்க."

அவர் சொன்னது உண்மை. ஒரு வார்த்தைதான். அவருடைய வரியில் நான் நெகட்டிவ் என்று சேர்த்துவிட்டால் எந்த ஸ்கிரிப்டும் அதைக் கண்டுபிடிக்காது. கூட்டல் இன்னும் அழகாக வரும். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். கால் கண்ணில் பட்டது. அழுத்தினால் குழி விழும் வீக்கம்.

சிஸ்டர் வந்தார். நான் கேட்டதை முழுவதும் கேட்காமலே தலையை ஆட்டினார். "வராதவங்களை மயிலாப்பூருக்கா? ஐயோ, கூடாது. டி.நகருக்கு அனுப்புங்க. அங்க கார்டு டெஸ்ட் இருக்கு, விரல்ல குத்தினா அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். அதைப் பார்த்துட்டு எந்த மிஷின்னு அவங்க முடிவு பண்ணிக்குவாங்க. நான் டி.நகர் சிஸ்டர்கிட்ட பேசிடுறேன். ஷிஃப்டுக்கு முன்னாடியே வரச் சொல்லுங்க, போதும்."

வாசலுக்கு வந்து தலைவரைக் கூப்பிட்டேன். முதல் மணி அடிக்கும்போதே எடுத்தார்.

"சொல்லு."

"hbv போடாம விட்டவங்க ரிப்போர்ட் வராதவங்க சார். எல்லாரும் டி.நகர். சீக்கிரமே வரணும், டெஸ்ட் எடுத்துட்டுத்தான் மிஷின்."

"மூணாவது ஃபைல் ரெடியா இருக்கு. செய்தியை மட்டும் சொல்லு, தட்டறேன்."

நான் பாலத்தில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தன் ஸ்கிரிப்டைத் திருத்தியிருந்தார். விலக்குவதை எடுத்துவிட்டு, பாசிட்டிவ் என்று எழுதியிருந்தால் ஒரு பக்கம், நெகட்டிவ் என்று எழுதியிருந்தால் ஒரு பக்கம், இரண்டும் இல்லாவிட்டால் மூன்றாவது பக்கம். இன்று நீங்கள் ஓட்டப்போவது அதைத்தான். அதில் என் கை படவில்லை. ஏன் தாமதம் என்று நிர்வாகி கேட்டபோது, "என் ஸ்கிரிப்ட்ல தப்பு இருந்தது" என்று மட்டும் சொன்னாராம். பக்கத்து மேஜைக்காரர் சொல்லித் தெரிந்தது. என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பழைய வாக்கியத்தை மறுபடி சொன்னதும் இல்லை, திரும்பப் பெற்றதும் இல்லை.

மறுநாள் காலை மூன்றாவது கோப்பில் இருந்த எல்லாருக்கும் தி.நகரில் விரலில் குத்தினார்கள். ஒருவருக்குப் பாசிட்டிவ். யார் என்று நான் எழுத மாட்டேன். அது அவருடைய வரி, நான் வெளியே எடுத்துக் காட்ட வேண்டியது இல்லை. எல்லாருக்கும் அன்றைக்கே டயாலிசிஸ் நடந்தது. மயிலாப்பூரில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இப்படி ஒன்று நடக்க இருந்தது என்பது அங்கே வந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது.

தாஸ் மாமா சொன்னபடியே அம்மாவிடம் சொன்னார். கொஞ்ச நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு நாள் சந்து முனையில் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், தலையைத் தூக்காமலே, "டி.நகர்ல ஏசி நல்லாத்தான் கீது" என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது 'இது இல்லாதவர்கள்' என்று கேட்காதீர்கள்; 'இது உள்ளவர்கள்' என்று கேளுங்கள். இதை யார் வேண்டுமானாலும் உங்களுக்குக் கற்றுத்தந்துவிடலாம். ஒரு சாவிக்குப் பின்னால் எந்த மேஜை இருக்கிறது, அந்த மேஜையில் இருப்பவர் தெரியாதபோது என்ன செய்வார் என்பதைத்தான் மாடியிலிருந்து பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் என்று எனக்குப் பெருமை உண்டு, இருக்கட்டும். அந்தப் பெருமையோடுதான் சொல்கிறேன்: நான் படித்ததில் பாதி, போன் பிஸியாக இருந்தால் ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பது.

அறக்கட்டளை தன் மையங்களின் பதிவுகளைப் புதிதாக அமைக்க ஒரு ஆள் தேடியது. நம் அலுவலகத்திலிருந்து அடுத்ததாகப் பெரிய நிறுவனத்துக்குத்தான் நான் போவேன் என்று தலைவர் நினைத்திருந்தார். நான் அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். போன வாரமே சேர்ந்துவிட்டேன். அடையாறு மையத்தில் எனக்கு உள்ளே தனி அறை கொடுத்தார்கள். நாற்காலியை மட்டும் இழுத்துக்கொண்டு வந்து சகாயமேரி அக்காவின் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

நேற்று காலை புதிதாக ஒரு நோயாளி வந்தார். ரிப்போர்ட் இல்லை. அக்கா விறுவிறுவென்று தட்டிக்கொண்டே போனார். hbv வந்ததும் பழக்கத்தில் அடுத்த கட்டத்துக்குத் தாவப் பார்த்தார். நான் மாற்றி வைத்திருந்த திரை நகரவில்லை. பாசிட்டிவ், நெகட்டிவ், தெரியாது என்று மூன்று வார்த்தைகளைக் காட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது? தெரியாதுங்கறதைக்கூட டைப் அடிக்கணுமா?"

"ஆமாக்கா."

"நல்லா வந்து சேர்ந்தே."

முணுமுணுத்துக்கொண்டே 'தெரியாது' என்று தட்டினார். பிறகு உள்ளே திரும்பி எப்போதும் போலக் குரல் கொடுத்தார்:

"சிஸ்டர், மூலை மிஷின்!"